கர்னவால் சுற்றறிக்கையின் கடைசி வரி

எந்தத் தாளையும் கடைசி வரியிலிருந்து படிக்கத் தொடங்குவது என் வழக்கம். முப்பத்தோரு வருடம் அரசு அலுவலகம் ஒன்றின் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். வணக்கம், தலைப்பு, சட்டப் பிரிவின் எண் எல்லாம் அலங்காரம். உங்களுக்கு என்ன கிடைக்காது என்பது கீழேதான் எழுதியிருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கீழிருந்து மேலாகத்தான் படிக்கிறேன். ஆகையால், எண்பதுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி மாலை, பள்ளிக்கூடச் சுற்றறிக்கை ஒன்றின் கடைசி வரியை நான் பார்க்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொன்னவன் நான்தான்.

அப்போது நாங்கள் பாரீசின் லா சப்பல் பகுதியில், மெத்ரோ ரயில் பாலத்துக்கு நேரெதிரே ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் குடியிருந்தோம். ரயில் போகும்போது அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நான் புதுச்சேரிக்காரன். என் தகப்பனார் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர், அதனால் எனக்கும் அது வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. மெத்ரோ வாசலில் காவலர்கள் கறுத்த முகங்களை நிறுத்தித் தாள் கேட்பார்கள். என்னையும் நிறுத்துவார்கள். அடையாள அட்டையை நீட்டினால், ‘மன்னிக்கவும், ஐயா’ என்று விலகுவார்கள். அந்த ‘மன்னிக்கவும்’ எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கேட்பதற்காகவே அட்டையைச் சற்று நிதானமாக எடுப்பேன். எழுத உட்கார்ந்தாயிற்று, இதையும் எழுதிவிட வேண்டியதுதான்.

எங்களுக்கு மேல்மாடியில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவன் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினான். அவனைப் பகலில் யாரும் பார்த்ததில்லை. மனைவிக்கு முப்பது வயதிருக்கும். அவர்களுடைய ஒரே மகள் என் மகளின் வகுப்பில் படித்தாள். இருவருக்கும் ஒன்பது வயது. வந்து ஐந்து மாதமாகியும் அந்தப் பெண் பள்ளியில் வாயைத் திறக்கவில்லை. கேட்பது புரிகிறது, எழுதச் சொன்னால் எழுதுகிறாள், பேசமாட்டேன் என்கிறாள். பேசாத பிள்ளையை மற்றப் பிள்ளைகள் எந்த விளையாட்டிலும் சேர்க்கவில்லை.

அந்தத் தாய் வாரம் ஒரு முறையாவது பிளாஸ்டிக் உறை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் கதவைத் தட்டுவாள். வந்த கடிதம் எல்லாம் அந்த உறையில் இருக்கும். சோப்புத் தூள் விளம்பரத்தைக்கூட எறியமாட்டாள். எது எப்போது கேட்கப்படும் என்று யாருக்குத் தெரியும்? நான் படித்துச் சொல்வேன். எனக்கு எல்லா நடைமுறையும் தெரியும் என்று அவள் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். உண்மைதான், தெரியும்.

பிப்ரவரியில் எங்கள் வட்டாரத்தில் ஒரு கர்னவால் நடக்கும். பள்ளிப் பிள்ளைகள் வேடமிட்டு, மேளத்துக்குப் பின்னால் தெருத்தெருவாக நடந்து சதுக்கத்துக்கு வருவார்கள். அங்கே ஒரு வைக்கோல் பொம்மையைக் கொளுத்திக் குளிர்காலத்தை வழியனுப்புவார்கள். குளிர்காலம் அதற்குப் பிறகும் ஆறேழு வாரம் இருந்துவிட்டுத்தான் போகும்.

சுற்றறிக்கை வந்த அன்று என் மகள் சாப்பாட்டு மேசையில் ஒரு திட்டத்தை முன்வைத்தாள். அவள் எங்களோடு பிரெஞ்சில்தான் பேசுவாள்.

“மேல்மாடிக்காரியும் நானும் இரட்டைப் பூனைகளாகப் போகிறோம். காது, வால், மீசை. அவள் அம்மா தைத்துத் தருவாள்.”

“அவதான் பேசவே மாட்டாளே?” என்றேன்.

“பூனை பேச வேண்டியதில்லையே, அப்பா.”

என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒரே துணியில் வால் வைத்த இரண்டு கறுத்த சிறுமிகள், கைகோத்துத் தெருவில் நடப்பது என் கண்முன் வந்தது. பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அவர்கள் யாருக்கும் நான் அட்டையைக் காட்ட முடியாது. உனக்கு மார்க்கீஸ் சீமாட்டி உடுப்பு ஏற்கெனவே வாடகைக்குச் சொல்லியாகிவிட்டது என்றேன். சொல்லியிருக்கவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் மேல்மாடித் தாய் உறையோடு வந்தாள். மகளும் பின்னால் வந்து நின்றாள். மேசையில் அந்தச் சுற்றறிக்கையை விரித்தாள்.

“அண்ணை, பிள்ளையள் வேசம் போட்டு வரவேணுமாம், என்ன? எந்த வேசமும் போடலாமோ?”

“போடலாம்மா. தடை ஒண்ணும் இல்ல.”

“அப்ப இவளுக்குப் பிச்சைக்காரி வேசம் போடப்போறன்.” அவள் முகம் மலர்ந்தது. “எங்கடை கன்னியர் மடப் பள்ளிக்கூடத்திலை வினோத உடைப் போட்டி எண்டால் பிச்சைக்காரிக்குத்தான் முதல் பரிசு. ராசாத்தி வேசம் ஆரும் போடலாம். பிச்சைக்காரி எண்டால் அச்சொட்டா நடிக்கவேணும். நான் ரெண்டு வருசம் வெண்டனான், அண்ணை. பரிசு வாங்கின பிறகுதான் வகுப்பிலை எல்லாரும் என்னோடை வந்து வந்து கதைச்சவை.”

மகளின் தலையைத் தடவினாள்.

“இவளையும் ஒருக்கா மேடையிலை பாத்தினமெண்டால் சேர்ப்பினம். போட்டி எத்தினை மணிக்குத் துவங்குது?”

நான் கீழிருந்து மேலாகப் படித்து முடித்திருந்தேன். கடைசி வரி பெரிய எழுத்தில், அடிக்கோடிட்டு இருந்தது: ‘இது போட்டி அல்ல, பரிசு கிடையாது, பிள்ளைகள் மகிழ்ந்தால் போதும்.’

கவுண்டரில் எங்களுக்கு ஓர் எழுதாத விதி உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். கேட்காததைச் சொல்லப் போனால் வரிசை நகராது. அவள் மணி கேட்டாள்.

“ரெண்டு மணிக்கு” என்றேன்.

பிச்சைக்காரி வந்தால் பூனை வராது என்று அந்த நொடியிலேயே எனக்குத் தோன்றிவிட்டது. வேறு விளக்கம் இத்தனை வருடங்களாகத் தேடிப்பார்த்தும் கிடைக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். “பிரெஞ்சிலை எப்பிடிப் பிச்சை கேக்கிறது, அண்ணை? ஒரு வசனம் சொல்லிக் குடுங்கோவன்” என்று கேட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். ‘லா ஷாரித்தே, சில் வூ ப்ளே, மதாம்.’ தர்மம் கொடுங்கள், தயவுசெய்து, அம்மா என்று அர்த்தம். அந்தச் சிறுமி உதட்டை மட்டும் அசைத்தாள். ‘ர’ தொண்டையிலிருந்து வரவேண்டும் என்று நான் திருத்தினேன். மூன்றாவது தடவை சத்தம் வந்தது. நான்காவது தடவை, பாரீசில் பிறந்த பிள்ளைபோலச் சொன்னாள். தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

“கேட்டியளே அண்ணை, என்ன வடிவாச் சொல்லுறாள்!”

அவள் பிரெஞ்சில் வாய்விட்டுச் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

கர்னவால் நாளன்று காற்று முகத்தை அறுத்தது. பள்ளி வாசலில் இளவரசிகளும் கடற்கொள்ளையரும் கௌபாய்களும் கோட்டுக்கு மேலே வேடம் தெரியவேண்டும் என்று தாய்மாரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் வெள்ளைப் பொய்முடியும் நீலப் பட்டு கவுனுமாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் மேல்மாடிக்காரர்கள் வந்தார்கள்.

அந்தத் தாய் கைவேலையில் கெட்டிக்காரி. அரிசி வந்த சணல் சாக்கைக் கிழித்து, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, உள்ளே போட்டிருந்த கம்பளிச் சட்டை தெரியாதபடி தைத்திருந்தாள். பிள்ளையின் கன்னத்தில் கரி. தலைமயிர் எண்ணெயும் மாவுமாகச் சடை பிடித்திருந்தது. கையில் நசுங்கிய பால்மா டின். அதையும் மிஞ்சியது நடிப்பு: ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். வீட்டில் எத்தனை நாள் பழகினார்களோ. தன் வகுப்பு வரிசைக்கு நேரே வந்து, டின்னை நீட்டி, கணீரென்று அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஒரு கடற்கொள்ளையன் இரண்டடி பின்னால் போனான். மெத்ரோ படியிறங்கி வந்த கிழவி ஒருத்தி தள்ளுவண்டிப் பையை நிறுத்தி, பணப்பையைத் திறந்து, டின்னில் ஒரு நாணயம் போட்டுவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு போனாள். அது கூட்டத்தின் பாராட்டு என்று தாய் நினைத்தாள். என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தாள். ஆனால் பிள்ளை டின்னுக்குள் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்தாள். இழுத்து நடந்த கால் நேரானது.

ஆசிரியை விரைந்து வந்தாள். நல்ல பெண். குழம்பிப்போயிருந்தாள்.

“மிஸ்யே, நீங்கள் இவர்கள் மொழி பேசுவீர்கள் அல்லவா? இது வேடமா, இல்லை வேறு ஏதாவதா? அந்த அம்மாவிடம் கேளுங்களேன்.”

சுற்றிலும் பெற்றோர்கள் நின்றார்கள். ஒரே ஒரு வாக்கியம் போதும். இவர்கள் ஊர்ப் பள்ளியில் இதுதான் பரிசு வாங்கும் வேடம், நான்தான் இவளிடம் சொல்லத் தவறிவிட்டேன். என் பிரெஞ்சு அதற்குத் தாராளமாகப் போதும்.

“நான் புதுச்சேரிக்காரன், மதாம். பிரெஞ்சுக் குடிமகன். இவர்கள் பேசுவது எனக்குச் சரியாகப் புரியாது” என்றேன்.

பக்கத்தில் என் மகள் நின்றாள். பொய்முடிக்குக் கீழே இருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆசிரியை தன் கழுத்துச் சால்வையாலேயே பிள்ளையின் கரியைத் துடைத்தாள். டின்னை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். வேடமில்லாமல் வரும் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தங்கநிறக் காகிதக் கிரீடம் ஒன்றை எடுத்து அந்தச் சடைத் தலையில் வைத்து, வரிசையின் கடைசியில் நிறுத்தினாள். மேளம் அடித்தது. ஊர்வலம் புறப்பட்டது.

நடைபாதையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாய் என்னிடம் வந்தாள்.

“அண்ணை, கண்டனீங்களே! முடி வைச்சிட்டினம்! இவளைத்தானே தனியாக் கூப்பிட்டு வைச்சவை? முதல் பரிசோ?”

அவள் கைகளில் அந்தக் கரி இன்னும் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். கவுண்டர் பழக்கம் தானாகப் பேசியது.

“முடிவு தபால்ல வரும்மா.”

வீடு திரும்பியதும் என் மகள் நேரே சமையலறைக்குப் போய், நடந்ததையெல்லாம் தன் அம்மாவிடம் சொன்னாள். சாயங்காலம் என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“ஊருக்கே ஃபாரம் ரொப்பறீங்க. எல்லா சட்டமும் மனப்பாடம். ‘இது போட்டி இல்லம்மா’ன்னு சொல்றதுக்கு எந்த ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கணும்?”

தபாலில் என்னென்னவோ வந்தன. காப்பீட்டு ரசீது, பல் வைத்தியரின் நினைவூட்டல், எரிவாயு மீட்டர் பார்க்க ஆள் வரும் அறிவிப்பு. ஒவ்வொன்றையும் அவள் கொண்டுவந்து, “இதுதானோ, அண்ணை?” என்பாள். ஒவ்வொரு முறையும் இல்லை என்பேன். “ஆறுதலா வரட்டும், எங்கை போகப்போகுது” என்பாள். தபசு காலம் போய், உயிர்த்த ஞாயிறும் போயிற்று. பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் அவள் மகளைக் கண்டால் கையை ஏந்தி, அந்த வாக்கியத்தைச் சொல்வார்களாம். ‘சில் வூ ப்ளே, மதாம்.’ என் மகள்தான் இதை என்னிடம் சொன்னாள்.

“நீயும் சொன்னியா?” என்று கேட்டேன்.

அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

ஜூனில் ஒரு நாள் தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். தாய் உறையை மேசையில் வைத்தாள். இந்த முறை அதைத் திறந்தது மகள். அடியிலிருந்து அந்தச் சுற்றறிக்கையை உருவி எடுத்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது. கடைசி வரியில் விரலை வைத்து, பிரெஞ்சில் உரக்கப் படித்தாள். ‘ர’ சுத்தமாக இருந்தது. பிறகு தாயிடம் திரும்பித் தமிழில் சொன்னாள்:

“இது போட்டி இல்லை. பரிசு இல்லை எண்டு போட்டிருக்கு.”

ரயில் ஒன்று போயிற்று. அலமாரியில் டம்ளர்கள் நடுங்கி அடங்கின.

“நீங்கள் வாசிச்சனீங்கள்தானே, அண்ணை?”

“கடைசி வரியப் பாக்கலம்மா” என்றேன். “எழுத்து சின்னதா இருந்துச்சு.”

தாய் என்னைப் பார்த்தாள்.

“ஓம். வயசு போகப் போகக் கண் மங்குந்தானே. ஒரு கண்ணாடி எடுங்கோ, அண்ணை.”

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. மகள் அந்தத் தாளைப் பார்த்தாள். அந்த வரி மட்டும்தான் பெரிய எழுத்தில் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தாளை மடித்து உறைக்குள் வைத்தாள்.

இனி வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு வசதியாகவும் இருந்தது. ஆனால் அடுத்த வாரமே வந்தார்கள். பிரான்சில் தங்குவதற்கான வதிவிட அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். தாய் எதிரே உட்கார்ந்தாள், முன்போலவே மரியாதையாக. மகள் உட்காரவில்லை. என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று, நான் படிக்கப் படிக்க ஒவ்வொரு வரியின் கீழும் விரலை நகர்த்திக்கொண்டு வந்தாள். நான் படித்து முடித்துத் தாளை மடிக்கப் போனேன். அவள் விரல் எடுபடவில்லை.

“இன்னும் ஒரு வரி இருக்கு, மாமா.”

இருந்தது. அச்சிட்டவர்களின் முகவரி. அதையும் வாசித்தேன்.