சித்தப்பா படத்தில் நான் செத்த காட்சி

போன மாதம் சித்தப்பா இறந்தபோது, சாவுக்கு அடிக்கும் தப்பு மேளச் சத்தம் கேட்டும் தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து பாதிப் பேர் உடனே வரவில்லை. "ஷூட்டிங்குனு நெனச்சோம்ங்க" என்று பிற்பாடு வந்து தலையைச் சொறிந்தார்கள். அதற்கு நானும் ஒரு காரணம் என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சித்தப்பா பதுளை டவுனில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். கல்யாணம் இல்லாத நாட்களில் முதலாளியின் கேமராவை இரவல் வாங்கி வந்து, எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களை வைத்துப் படம் எடுப்பார். மொத்தம் நாலு படம். நாலிலும் பனிமூட்டம் தவறாமல் நடித்தது. முதல் படத்தின் சண்டைக் காட்சியில் யார் யாரை அடித்தார்கள் என்றே தெரியாது. இருவருமே தாங்கள்தான் ஜெயித்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டாவது படத்தின் கதாநாயகி கடைசி வரை முதுகையே காட்டிக்கொண்டிருந்தாள், சேலைக்குள் இருந்தது எங்கள் அப்பா என்பதால். ஆனாலும் கோயில் மண்டபத்தில் டீவியை வைத்துப் போட்டுக் காட்டினால் தோட்டமே பாயோடு வந்து உட்காரும்.

மூன்றாவது படத்தில் எனக்கு வேடம் கிடைத்தது. கதாநாயகனின் தம்பி, வந்ததும் செத்துப்போகிற தம்பி. வசனம் கிடையாது. எட்டு வயதில் வாய்ப்பாடே மனதில் நிற்காத எனக்கு அளவெடுத்துத் தைத்த வேடம். வகுப்பில் ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாவுக் காட்சி எடுப்பதாக லயம் லயமாக, வீடு விடாமல் சொல்லியாயிற்று. அன்று பனி இறங்கி, எதிரில் இருந்த கேமராவே தெரியவில்லை. மறுநாள் திங்கட்கிழமை பளீரென்று வெயில். கேமராவைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். சித்தப்பா தவித்தார். நான் உதவினேன். பள்ளிக்கூடம் போகாமல் இருப்பதற்காக, அடுப்பில் நெற்றியைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். அம்மா தொட்டுப் பார்த்துக் கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள்.

பத்து மணிக்கு நான் பாடையில் கிடந்தேன். நெற்றியில் காசு, கழுத்தில் செவ்வந்தி மாலை, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி.

"என்ன நடந்தாலும் அசையக் கூடாதுடா. அசைஞ்சா ஒன் எடத்துல ஆட்டப் படுக்க வச்சிருவேன்" என்றார் சித்தப்பா.

தப்பு அடிக்க நிஜமான தப்புக்காரர்களையே கூட்டி வந்திருந்தார். அவர்களில் மூத்தவர் தயங்கினார். "தம்பி, இன்னைக்கு வேல நாளு. சத்தம் மலைக்குக் கேக்குமே."

"கேக்கட்டும் மாமா. அதான் எல்லாருக்கும் சொல்லியாச்சுல்ல."

சொன்னது ஞாயிற்றுக்கிழமைக்கு என்பது இயக்குநரின் மூளையில் ஏறவில்லை.

எங்கள் தோட்டத்தில் சாவுத் தப்பு கேட்டால் யார் என்று விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கீழே வருவார்கள். வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அம்மா ஓடி வந்தாளாம். காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்டில் விட்டுப் போனவள் அவள்தானே.

கண்ணை மூடிக் கிடந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. யாரோ அள்ளித் தூக்கி மாரோடு சேர்த்துக்கொண்டு அலறினார்கள். பச்சைக் கொழுந்து வாசனையில் அம்மா என்று தெரிந்தது. அம்மாவுக்கும் வேடம் கொடுத்துவிட்டார்போல என்று நினைத்தேன். இவ்வளவு பிரமாதமாக நடிக்கிறாளே, எனக்கு வர வேண்டிய பேர் போய்விடுமே என்று மூச்சையும் அடக்கிக்கொண்டு இன்னும் நன்றாகச் செத்தேன்.

கசங்கிய செவ்வந்தி மூக்கில் ஏறியது. தும்மிவிட்டேன்.

அலறல் நின்றது. அம்மா என்னைக் கீழே போட்டு முதுகில் நாலு வைத்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "ஒங்க படத்துல சாக எம்புள்ளதான் கெடச்சானா தம்பி" என்று மட்டும் கேட்டாள்.

பின்னாலேயே கங்காணி மூச்சிரைக்க வந்தார். "எவன்டா செத்தது?"

"யாரும் சாகலீங்க" என்றார் சித்தப்பா.

"அப்ப இனிமே சாவான்" என்று அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். கேமராவைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா ஓடிய வேகம் அவருடைய நாலு படத்திலும் கிடையாது.

அன்றோடு அம்மா சித்தப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள். எங்கள் வீட்டில் அவருக்கு டீயும் நின்றது.

பொங்கலன்று படம் போட்டார்கள். என் வகுப்பு முழுவதும் முன்வரிசையில். பாடை வந்தது, "நான்டா" என்று சொல்லி முடிப்பதற்குள் போயும்விட்டது. அடுத்து மரத்தில் ஒரு காகம். அம்மா ஓடி வந்ததும் இல்லை, நான் மூச்சடக்கியதும் இல்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்த அம்மா, மெல்ல விலக்கி, காகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா வந்தது எங்க? நான் எவ்வளவு நல்லா செத்தேன்."

"பனி மறச்சிருச்சுடா."

அன்றைக்கு ஏது பனி? கன்னத்தில் வெயில் சுட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என் நடிப்பின் மேல் சித்தப்பாவுக்குப் பொறாமை என்று முடிவு கட்டி, ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அதைவிட ஆத்திரம், அன்று படம் முடிந்து வந்ததும் அம்மா அடுப்பை மூட்டி, "தம்பி, டீ குடிச்சிட்டுப் போங்க" என்று அவரைக் கூப்பிட்டதுதான். சீனி வேறு தூக்கலாகப் போட்டாள். என் காட்சியை வெட்டிய ஆளுக்கு எதற்கு இந்த உபசாரம் என்று எனக்கு விளங்கவே இல்லை.