நாற்பதுக்கு நாற்பது

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளைக் குடுவையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் குடுவைகளை அமிலத் தொட்டியில் ஊறவைத்துக் கழுவுவது அவள் வேலை. கையுறை போட்டும் விரலெல்லாம் வெடிப்பு. உப்புப் பட்டால் உயிர் போகும். உதவியாளர் தேர்வில் தேறிவிட்டால் அந்தத் தொட்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். மூன்று முறைதான் எழுத விடுவார்கள். இரண்டு முறை மண்ணைக் கவ்வியாயிற்று. இரண்டு முறையும் காலை வாரிவிட்டது ஒரே சனியன்: மோல்.

மனப்பாடம் செய்யாமல் இல்லை. ஒரு மோல் என்றால் ஆறு போட்டு, அதன் பின்னால் இருபத்து மூன்று இலக்கம், அத்தனை துகள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் எதற்கு? கண்ணுக்கே தெரியாததை எந்த மகராசன் உட்கார்ந்து எண்ணினான்? தராசு இருக்கிறது, கிராம் இருக்கிறது, நடுவில் இது என்ன நந்தி? கூடத்து வேதியியலாளரிடமே கேட்டாள்.

"அது ஒரு எண்ணிக்கைம்மா, டஜன் மாதிரி" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். டஜன் அவளுக்கு முன்பே தெரியும்.

மூன்றாவது தேர்வு. மதிப்பெண் அதிகமான கேள்வியில் மறுபடி அதே சனியன். நாற்பது கிராம் காஸ்டிக் சோடாவை நடுநிலையாக்க எத்தனை கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும்? சோடா ஒரு மோல் நாற்பது கிராம், அமிலம் ஒரு மோல் முப்பத்தாறரை கிராம் என்று பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமமாகப் போட்டால் சமமாகிவிட்டுப் போகிறது, இதற்கு ஏன் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும்? நாற்பது என்று எழுதித் தாளை நீட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் தையல்காரக் கணவர் மழைக்கோட்டுக் குவியலுக்கு நடுவே முழித்துக்கொண்டிருந்தார்.

"பிரஸ் பட்டன் மேல் மூடி தீந்துபோச்சும்மா. கீழ்ப் பாதி மட்டும் குவிஞ்சு கெடக்கு. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"எப்படி வாங்குனீங்க?"

"மூடி ஒரு கிலோ, கீழ்ப் பாதி ஒரு கிலோ. சமமாத்தான்!"

காலையிலிருந்து அடக்கிவைத்த ஆத்திரமெல்லாம் அவர் தலையில் இறங்கியது. "அறிவிருக்கா உங்களுக்கு? மூடி கனம், கீழ்ப் பாதி லேசு. கிலோவுக்குக் கிலோ வாங்குனா ஜோடி சேருமா? ஒண்ணுக்கு ஒண்ணுதானே கணக்கு! ஆயிரம் மூடி எவ்வளவு எடை, ஆயிரம் கீழ்ப் பாதி எவ்வளவு எடைன்னு பாத்து, அந்த எடைக்கு வாங்கணும். அப்பதான் எண்ணாமலே எண்ணுன மாதிரி..."

அவள் வாய் அப்படியே நின்றது.

ஒரு சோடாத் துகளுக்கு ஓர் அமிலத் துகள், ஒன்றுக்கு ஒன்று. அங்கே ஆயிரம், இங்கே மோல். நாற்பதுக்கு முப்பத்தாறரை. விடையைக் கேள்வித்தாளிலேயே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"இவ்வளவு வெவரமா சொல்றியே" என்று கணவர் முகம் மலர்ந்தார். "அப்ப இந்தத் தடவை பரீட்சையில ஜமாய்ச்சிருப்ப."

அவள் தரையில் உட்கார்ந்து, மிஞ்சிக் கிடந்த கீழ்ப் பாதிகளை வெடித்த விரல்களால் பொறுக்கத் தொடங்கினாள்.