முன்னால் உயிர் மீன், பின்னால் செத்த மீன்

போன சனிக்கிழமை காலை மீன் கொண்டுவந்த கோமதி அக்கா, எங்கள் ஃப்ளாட் வாசலில் நின்றபடியே, என் மூன்று வார உழைப்பை ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்துவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல்.

என்ன சொன்னார் என்பது இருக்கட்டும். நான் ஏன் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் டாக்டரால் வந்தது. கையில் சுற்றிய பட்டையிலிருந்து காற்றை இறக்கிவிட்டு, "ஹாபி ஏதாவது இருக்கா சார்?" என்றார்.

"எழுதுவேன்."

"அது ஹாபி இல்ல சார், வியாதி. கைக்கு வேலை குடுங்க, மண்டைக்கு ரெஸ்ட் குடுங்க. பிபி தானா எறங்கும்."

நாவலூரில் ஒரு கம்பெனியில் எனக்கு உத்தியோகம். சாஃப்ட்வேரை எப்படி உபயோகிப்பது என்று படிப்படியாக எழுதிக்கொடுக்கிற வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே. காலையில் மகளை ஸ்கூல் வேனில் ஏற்ற வேண்டும், மாலையில் இறக்க வேண்டும், நடுவில் ஏழெட்டு மீட்டிங். இதில் ஹாபியை எங்கே செருகுவது? தோட்டம் போடலாமென்றால் எங்கள் பால்கனியில் துணி காயப்போடவே இடம் போதாது. மரவேலை என்றால் கீழ்வீட்டுக்காரர் அசோசியேஷனுக்குப் போய்விடுவார். சத்தமில்லாத, சாதுவான கலை தையல்தான் என்று முடிவு கட்டினேன்.

சத்தமில்லாத கலை... மிஷின் வந்த அதே வாரம், மீட்டிங் நடுவில் மைக்கை அணைக்க மறந்து மோட்டாரை ஓட்டிவிட்டேன்.

"யார் வீட்லயோ மிக்ஸி ஓடுது. மியூட் பண்ணுங்க ப்ளீஸ்" என்றார் மேனேஜர்.

"சாரி சார். சட்னி" என்றேன்.

தைக்கிறேன் என்று சொல்ல ஏனோ வாய் வரவில்லை. நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளைக்குச் சட்னி அரைக்கிற அளவுக்குத்தான் இந்த நாடு இதுவரை சலுகை கொடுத்திருக்கிறது.

என் வழக்கப்படி, மிஷினுக்கு முன்னால் புத்தகங்களை வாங்கினேன். மூன்று. எலும்பில் ஊசி செய்த காலத்திலிருந்து ஊசியின் சரித்திரம் எனக்கு அத்துப்படி. நூல் கோக்கத்தான் தெரியாது. வெள்ளெழுத்து. கண்ணாடியைப் போட்டால் நூல் தெரிகிறது, ஊசியின் காது தெரியவில்லை. கழற்றினால் மிஷினே தெரியவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தாரிணி வந்து, ஒரே குத்தில் கோத்துவிட்டு, "அவ்ளோதாம்ப்பா" என்று போய்விடுவாள்.

மிஷினோடு ஒரு கையேடு வந்தது. ஊருக்கெல்லாம் கையேடு எழுதுகிற நான் அதைப் பிரிக்கவே இல்லை. கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

விளைவு, பாபின். மிஷினின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் குட்டி உருளை. மேலிருந்து வரும் நூலும் இதிலிருந்து வரும் நூலும் ஒழுங்காகக் கைகோத்தால் தையல். கோக்காவிட்டால் குருவிக்கூடு. முதல் வாரம் முழுக்க நான் கூடுதான் கட்டினேன். இரண்டாம் வாரம் இரண்டு தலையணை உறை. ஒன்றில் தலையணை நுழையாது. இன்னொன்றில் இரண்டு நுழையும்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். யார் விட்டார்கள்?

"அப்பா, என் பர்த்டேக்கு நீதான் டிரெஸ் தைக்கணும்" என்றாள் தாரிணி.

பிள்ளை பெற்றவர்களுக்கு இதன் கனம் தெரியும். வருடம் முழுக்க யூனிஃபார்ம். பிறந்தநாள் ஒருநாள் மட்டும் கலர் டிரெஸ்ஸில் வரலாம் என்று ஸ்கூலில் ஒரு சலுகை. கட்டம்போட்ட கூட்டத்துக்கு நடுவில், தான் மட்டும் கலராக, கையில் சாக்லேட் டப்பாவோடு, வகுப்பு வகுப்பாகப் போய் மிஸ்களுக்கெல்லாம் கொடுத்து வருகிற நாள். கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எப்படியோ, எட்டு வயதுக்கு அந்த டிரெஸ் அப்படி.

"கடையில வாங்கிக்கலாமேடா."

"கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்கப்பாவே தைக்கிறாருன்னு. ரித்திகா நம்பவே மாட்டேங்குறா."

ரித்திகாவை நம்பவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று வாரம் இருந்தது.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பிட்டுத் துணி விற்கிற கடை ஒன்று உண்டு. மில்லில் மீந்த துண்டுகள். இருப்பதுதான் கணக்கு, கூடக் கேட்டால் கிடைக்காது. குவியலுக்குள் பாதி உடம்பை விட்டுத் தாரிணி ஒன்றை இழுத்தாள். கடல்நீலம். அதில் ஆரஞ்சு மீன்கள் வரிசை வரிசையாக நீந்திக்கொண்டிருந்தன.

"பத்துமா?" என்றேன் கடைக்காரரிடம்.

"பாப்பா சைசுக்குத் தாராளம் அண்ணாத்த. யாரு, தெரிஞ்ச டெய்லரா?"

"நான்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப பாத்து வெட்டு அண்ணாத்த. இது ஒண்ணுதான் கீது. போச்சுனா போச்சு."

அந்த நல்ல வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. துணி பத்தாமல் போய்விடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

பேப்பரில் அளவு வரைந்து வெட்டிக்கொண்டு, அதைத் துணிமேல் வைத்து வெட்ட வேண்டும். பழைய பேப்பர் தேடியதில், வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தி வந்த பத்திரிகைப் பக்கங்கள்தான் அகப்பட்டன. வீட்டில் அதைத் தவிர எதையும் யாரும் சேர்த்துவைப்பதில்லை. சேர்த்துவைப்பவனும் நான்தான். கத்தரியோடு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த என் மனைவி சுகந்தி, "பரவால்லையே, இப்பதான் கரெக்டா எடிட் பண்றீங்க" என்றாள்.

ஃபிராக் என்பது மேலே குறுகி, கீழே விரிவது. முன்பக்கத் துண்டை நேராக வைத்தேன். பக்கத்தில் இடைவெளி வீணாகப் போவதைப் பார்த்து, பின்பக்கத் துண்டைத் தலைகீழாகத் திருப்பி அந்தச் சந்தில் நுழைத்தேன். ஒரே பெர்த்தில் இரண்டு பேர் தலைமாடு கால்மாடாகப் படுப்பதுபோல. ஒரு ஜாண் துணி மிச்சம். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

பிளைன் துணியாக இருந்தால் இதற்குப் பெயர் சாமர்த்தியம்.

தைக்கும்போது கண்ணில் படவில்லையா என்று கேட்பீர்கள். துணியின் உள்பக்கத்தை வெளியே வைத்துத்தான் தைக்க வேண்டும். வேன் போனபிறகு அரைமணி, மீட்டிங்குக்கு முன்னால் கால்மணி என்று தைத்த எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊசி முனையும் சாக்பீஸ் கோடும்தான். அளவு பார்க்கத் தாரிணிக்குப் போட்டபோதும் உள்பக்கம்தான் வெளியே. தைத்ததைப் பிரித்து, பிரித்ததைத் தைத்து, வெள்ளிக்கிழமை ஒருவழியாக முடித்து, நேராகத் திருப்பி, ஹாலில் ஹேங்கரில் மாட்டினேன். முன்பக்கம் எங்களைப் பார்த்தபடி. சுகந்தியே, "நிஜமாவே நல்லா இருக்குங்க" என்றாள். இருபது வருட தாம்பத்தியத்தில் அந்த "நிஜமாவே" எனக்குக் கிடைத்தது இரண்டாவது முறை.

சனிக்கிழமை கோமதி அக்கா வந்தார். முட்டுக்காடு குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் பெட்டி கட்டிக்கொண்டு வந்து, எங்கள் பிளாக்குக்கே மீன் போடுகிறவர். சங்கராவைத் தராசில் வைத்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் அது, புது கவுனா?"

"ஆமாக்கா. பாப்பா பர்த்டேக்கு. நானே தைச்சேன்."

"நீயா?"

அந்த நேரம் பார்த்து ஃபேன் காற்றில் ஹேங்கர் மெதுவாகத் திரும்பியது. கோமதி அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார். தொழில் தெரிந்த பார்வை.

"முன்னால மீனு உயிரோட கீது. பின்னால செத்துக் கெடக்குதே சார்."

திரும்பிப் பார்த்தேன். ஃபிராக்கின் முதுகு முழுக்க ஆரஞ்சு மீன்கள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. வரிசை வரிசையாக. ஏதோ ஃபேக்டரிக் கழிவு கலந்த ஏரி மாதிரி.

"செத்துடுச்சா?" என்று சோஃபாவிலிருந்து குரல். தாரிணி. ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்துவிட்டாள்.

கோமதி அக்காவுக்குச் சங்கடமாகிவிட்டது. "செத்தெல்லாம் போவல பாப்பா. முன்னால கீறது கடல்ல கீது. பின்னால கீறது வலையில வந்துது. அவ்ளோதான். ஃப்ரெஷ்ஷு."

தாரிணி ஃபிராக்கைத் தொட்டுத் திருப்பி, முன்பக்கம் தெரிகிற மாதிரி வைத்தாள். ஃபேனை நிறுத்தினாள்.

மிச்சம் பிடித்த ஒரு ஜாண் துணியை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓடினேன். கடைக்காரர் குவியலைப் பார்க்கக்கூட இல்லை. "அன்னிக்கே சொன்னேனே அண்ணாத்த" என்றார். கழுத்து வெட்டியாகிவிட்டது, கை வெட்டியாகிவிட்டது. பின்பக்கத்தைப் பிரித்துத் திருப்பித் தைக்கவும் வழியில்லை. திரும்பி வந்து, "மால்ல போய் வேற வாங்கிடலாம்டா, எது வேணுமோ சொல்லு" என்றேன்.

"வேணாம்ப்பா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்ல."

"பின்னாடி பாத்துச் சிரிச்சாங்கன்னா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் அந்தச் சமயத்தில் பட்டையைச் சுற்றியிருந்தால் பட்டை தெறித்திருக்கும். மண்டைக்கு ரெஸ்டாம்.

திங்கட்கிழமை காலை ஃபிராக்கைப் போட்டுக்கொண்டு, சாக்லேட் டப்பாவோடு வேனில் ஏறினாள். பையைத் தூக்கி நான்தான் அவள் முதுகில் மாட்டிவிட்டேன். அன்றைக்கு நடந்த மீட்டிங்குகளில் யார் சிரித்தாலும் எனக்கு மூன்றாம் வகுப்பு சிரிப்பதுபோலவே கேட்டது.

மாலை வேன் வந்தது. டப்பா காலி.

"எப்படிடா இருந்துது?"

"சூப்பர்ப்பா. எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. ரித்திகா தொட்டுத் தொட்டுப் பாத்தா. அவங்கப்பாக்குப் பட்டன்கூட வைக்கத் தெரியாதாம்."

"பின்னாடி... யாராவது எதாவது சொன்னாங்களா?"

"பின்னாடி யாருமே பாக்கலப்பா" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

எனக்குப் போன உயிர் வந்தது. சுகந்தியிடம் பீற்றிக்கொண்டேன். மனிதர்கள் எப்போதும் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள், பின்பக்கத்தைப் பற்றி நாம்தான் அநாவசியமாகக் கவலைப்படுகிறோம் என்றெல்லாம் ஒரு தத்துவம் திரண்டு வந்தது. இந்த வாரப் பத்திக்கே ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

சுகந்தி தாரிணியின் ஸ்கூல் டைரியை என் முன்னால் வைத்தாள். மிஸ் சிவப்பு மையில் எழுதியிருந்தார்:

"இன்று முழுவதும் ஸ்கூல் பையை முதுகிலிருந்து கழற்ற மறுத்தாள். சாக்லேட் கொடுக்கப் போகும்போதும், சாப்பிடும்போதும்கூட. பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. பெற்றோர் கண்டிக்கவும்."

அந்தப் பை என்ன கனம் என்று எனக்குத் தெரியும். வேன்வரைக்கும் தினமும் நான்தான் தூக்கிப் போகிறேன்.

பிள்ளைகளின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று பெற்றவர்கள் நாம்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறோம். டைரியில் கையெழுத்துப் போட்டேன். யாரையும் கண்டிக்கவில்லை.

அடுத்த பிறந்தநாளுக்குத் துணி இப்போதே எடுத்துவிட்டேன். பிளைன் நீலம். எந்தப் பக்கம் திருப்பி வெட்டினாலும் கடல்தான்.