ஒண்டிக்கடையில் நின்ற பஸ்

சேலத்துக்கு மேலே மலையில், ஒண்டிக்கடை முனையில் எனக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு டைரக்டர் அங்கே படமெடுக்க வந்தார். படம் முழுக்க ஒரே ஷாட். நடுவில் நிறுத்தவே மாட்டார்களாம். இங்கே எடுக்க எடுக்க, சேலத்தில் ஒரு அரங்கத்தில் நேரடியாகத் திரையில் ஓடும் என்றார்.

கதை எளிமையானது. கணவனோடு மனஸ்தாபம் கொண்ட ஒரு பெண் ஊருக்குக் கிளம்புகிறாள். கடைசி பஸ் போய்விடுகிறது. திரும்பி நடந்து எஸ்டேட் பங்களாவுக்கே வருகிறாள். அங்கே கணவன் சோறு எடுத்து வைத்துக் காத்திருக்கிறான்.

எனக்கு ஒரே வசனம். அவள் கேட்டதும், "கடைசி பஸ் போயிருச்சுங்கம்மா" என்று சொல்ல வேண்டும்.

என் மனைவி படம் பார்க்க மதியமே சேலத்துக்கு இறங்கிவிட்டாள்.

சாயங்காலம் பனி கடையின் படிவரை வந்திருந்தது. கேமராக்காரர் பின்தொடர, கதாநாயகி பையோடு வந்து நின்றார்.

"ஏங்க, சேலம் பஸ் இருக்கா?"

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான், பனியால் தாமதமான நிஜ பஸ், மஞ்சள் விளக்கோடு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. இத்தனை வருடமாக அந்த முனையில் யார் கேட்டாலும் பஸ் விவரம் சொல்லிப் பழகிய வாய்.

"அதா நிக்குதுங்கம்மா! ஓடுங்க, எடுத்துருவாங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். "நிஜமாவா?" என்றார். அது வசனத்தில் இல்லை. பிறகு ஓடிப்போய் ஏறிக்கொண்டார். கேமராக்காரரும் தொற்றிக்கொண்டார். அடிவாரத்துக்குப் போகும் குப்பனூர் ரோட்டில் பஸ் இறங்கிவிட்டது.

எதிர்ப்பக்கம் நின்றிருந்த டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைக்கு வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். ஃபிளாஸ்கிலிருந்து அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில், கணவனாக நடித்தவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு பங்களாவிலிருந்து இறங்கி வந்தார். கையில் டிபன் கேரியர்.

"சோறு ஆறிப்போச்சு. எங்க சார் அவங்க?"

"பஸ் ஏறிட்டாங்க" என்றார் டைரக்டர்.

"யாரு ஏத்திவிட்டது?"

"நாந்தானுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். டைரக்டரைப் பார்த்தார். பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் சேலத்து அரங்கத்திலிருந்து மனைவி போன் செய்தாள். பஸ் ஜன்னலோரம் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாராம். பனியையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகப் பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாராம். ஏதோ ஒரு வளைவில் சிக்னல் போய், படம் அந்த முகத்தோடு நின்றுவிட்டதாம். அரங்கமே கை தட்டியதாம்.

"எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. நீங்களும் நொம்ப நல்லாப் பேசுனீங்க. சட்டையில ஒரு பித்தானப் போட்டிருக்கலாம்."

நான் அதை டைரக்டரிடம் சொன்னேன், பித்தானை விட்டுவிட்டு. "கை தட்டினாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அப்போது அவர் போன் அடித்தது. குப்பனூரில் சிக்னல் கிடைத்ததும் கதாநாயகிதான் கூப்பிட்டிருந்தார்.

"சார், நான் இன்னும் நடிச்சிட்டுத்தான் இருக்கேன். எங்க இறங்கணும்?"

டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அங்கேயே இறங்கி நிற்கச் சொல்லிவிட்டு, காரை அனுப்பினார். கணவனாக நடித்தவர் கேரியரோடு அதில் ஏறிக்கொண்டார். கதாநாயகிக்குப் பசிக்கும் என்றார்.