அண்ணன் முகத்துக்கு ஒரு சோப்பு

நான் வீட்டில் சவரம் செய்துகொள்கிறவன் இல்லை. மந்தைவெளியில் ஒரு சலூனுக்குப் போவேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். எதைத் தடவுகிறார்கள், எதால் வழிக்கிறார்கள் என்று பார்த்ததே கிடையாது. சோப்பையும் நுரையையும் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணனுக்கு வாயில் புண் வந்த பிறகு தெரிந்துகொண்டதுதான்.

அண்ணன் அடையாறு பக்கம் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆற்றோரத்தில் இருந்த எங்கள் வீட்டை இடித்த பிறகு அவனும் எங்கள் அப்பா நைனாவும் பெரும்பாக்கத்தில் அரசாங்கம் கொடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மயிலாப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடும்பத்தோடு இருந்தேன். வேலை தி. நகர் துணிக்கடை ஒன்றின் குடோனில். பெட்டி பிரித்து அடுக்க வேண்டும், யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணனுக்குப் பெரிய மீசை. ஆட்டோ ஸ்டாண்டில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். பொட்டலப் பாக்கை வலது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே வண்டி ஓட்டுவான். அந்தக் கன்னத்துக்குள்தான் புண் வந்தது. ஆறவில்லை. வாய் திறக்க முடியாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அறுத்து எடுத்துவிட வேண்டும், எடுத்தால் பிழைக்கலாம், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். முதலில் கொடுத்த தேதிக்கு அண்ணன் போகவில்லை. ஸ்டாண்டில் வேலை இருந்தது என்றான். மறுபடியும் கெஞ்சிக் கேட்டு ஒரு வியாழக்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் பெட்டு வாங்கினோம். அதுவரை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று கூட்டி வந்துவிட்டேன். நைனாவிடம் பல் பிடுங்கப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தோம்.

நர்ஸ் அம்மா என்னிடம் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். "மொகத்த சுத்தமா ஷேவ் பண்ணிட்டு வரணும். மீசையும் எடுத்துடுங்க."

அண்ணன் சலூனுக்கு வர மாட்டேன் என்றான். காரணம் எனக்குத் தெரியும். புண் நாற ஆரம்பித்திருந்தது. ஒரே அறை வீடு. அவன் திரும்பிப் படுத்தால்கூட வாடை வந்தது. என் மனைவி ஊதுவத்தி ஏற்றி வைத்தாள்.

"அத அணச்சிடும்மா. சாவு வூடு மாரி கீது," என்றான் பல்லைத் திறக்காமல்.

அவள் அணைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

மெடிக்கலில் டப்பாவிலிருந்து பீய்ச்சுகிற நுரை வாங்கி வந்தேன். அவனுடைய கடைவாய் ஓரத்தில் தோல் வெடித்திருந்தது. நுரை அதில் பட்டதும் எழுந்து நின்றுவிட்டான். கத்தவில்லை, கத்துவதற்கு வாய் திறக்காது. துண்டால் துடைத்துவிட்டு டப்பாவைக் காலால் தள்ளினான். மெடிக்கலில் திரும்பப் போய்ச் சொன்னேன். பழைய காலத்துக் கிண்ண சோப்பு வாங்கி, பிரஷ்ஷால் குழைத்துப் போடுங்கள், அது எரியாது என்றார்கள்.

முதலில் வாங்கியது ரோஜா வாசனை போட்ட சோப்பு. காலையில் லைன் குழாயடியில் கண்ணாடியை ஆணியில் மாட்டி என் முகத்திலேயே போட்டுப் பார்த்தேன். துணி துவைக்கிற சோப்பு மாதிரி பெரிய பெரிய குமிழ். கிண்ணத்திலிருந்து கன்னத்துக்கு வருவதற்குள் பாதி உடைந்தது. ஒரு கன்னம் வழித்து முடிப்பதற்குள் மறு கன்னத்தில் காய்ந்து தோலை இழுத்தது. இருந்தாலும் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கிட்ட வைத்தான்.

"ரோஜாவா? மால போட்ட மாரி கீதுடா. இன்னும் போகலடா நான்."

அதை ஜன்னல் மேல் வைத்துவிட்டேன். பிறகு என் மனைவி அதில் பாத்திரம் கழுவினாள்.

தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சோப்பு அவர்களே செய்கிறார்கள் என்று குடோனில் ஒருவர் சொன்னார். போனேன். கடை முன்னால் கூட்டம். எல்லாரும் வாங்கிப் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். போகப் போக வந்துகொண்டே இருந்தார்கள். கடைக்காரரே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ரொம்ப நேரமா நிக்கறீங்களே, என்ன வேணும்?"

"ஷேவிங் சோப்பு. எரியாததா. நல்லா வாசனை வரணும்."

"எவ்வளவு வாசனை?"

"பக்கத்துல வேற வாடை இருந்தாலும் தெரியாத அளவுக்கு."

சிரித்தார். "யாருக்கு, மாப்பிள்ளைக்கா?"

"அண்ணனுக்கு."

"அண்ணனுக்கு இப்பத்தான் கல்யாணமா?"

பக்கத்தில் மருதாணிப் பொடி வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். இல்லை என்று சொன்னால் மேலே பேச வேண்டியிருக்கும்.

"அப்ப சந்தனம்தான்," என்று ஒரு மரக் கிண்ணத்தை எடுத்து வைத்தார். பன்றி முடி பிரஷ் ஒன்றும் கொடுத்தார். கொஞ்ச நேரம் வெந்நீரில் ஊற வைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை குழாயடியில் அதைப் போட்டேன். சோப்பு கல் மாதிரி இருந்தது. பிரஷ்ஷைச் சுற்றச் சுற்றப் பால் கலந்த தண்ணீர் மாதிரிதான் வந்தது. ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். விடாமல் சுற்றினேன். பிறகு கனமானது. குமிழே தெரியவில்லை. பொங்கின இட்லி மாவு மாதிரி பிரஷ்ஷில் நின்றது, கவிழ்த்தாலும் விழவில்லை. கன்னத்தில் தடவிவிட்டு வேண்டுமென்றே காத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து இரண்டு குடம் பிடித்துக்கொண்டு போனார். நுரை அப்படியே இருந்தது. பிளேடு சத்தமில்லாமல் இறங்கியது.

எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டி அறுக்கிற கத்தி பட்டு விரலில் ஒரு வெட்டு இருந்தது. அதன் மேல் நுரையை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான்.

வாசனையைத்தான் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் சந்தனம். அது அடங்கினால் அடியில், பழைய மர பீரோவைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. முகம் கழுவின பிறகும் போகவில்லை. தி. நகர் பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். குடோனில் ஒருவன், "இன்னா மச்சி, ரெண்டாவது கட்டிக்கினியா?" என்றான். சாப்பாட்டு நேரத்தில் கன்னத்தைத் தொட்டு விரலை முகர்ந்தேன். அப்போதும் இருந்தது. அன்றைக்கு எனக்கு ஒரு தைரியம் வந்தது. இதைப் போட்டு முகத்தை வழித்துக் கூட்டிப் போய்விடலாம், அறுத்துவிடுவார்கள், அண்ணன் பிழைத்துக்கொள்வான் என்று.

சாயங்காலம் அவனுடைய கன்னத்தில் கொஞ்சம் தடவிப் பார்த்தேன். எரியவில்லை என்று தலையை அசைத்தான்.

"எனுக்கு வாசனயே வரலடா. என் வாயி நாத்தம்தான் வருது. உனுக்கு எது வருது?"

இரண்டும் வந்தது. "சந்தனம்தாண்ணா," என்றேன்.

"இன்னா சொல்லி வாங்கின?"

"உனக்குக் கல்யாணம்னு."

அவன் தோள் குலுங்கியது. சிரிப்பில் புண் இழுத்துக் கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "பொண்ணு யார்னு கேக்கலியா அவுரு?"

புதன்கிழமை காலையிலேயே நைனா பெரும்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்க வந்தேன் என்றார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். உள்ளே அண்ணனை ஸ்டூலில் உட்கார வைத்து, தோளில் துண்டு போட்டு, சோப்பைக் குழைத்தேன். கழுத்தும் கன்னமும் நன்றாக வந்தன. வீங்கின கன்னத்தில் தோல் பளபளவென்று இருந்தது. அங்கே பிளேடை மெதுவாக இழுத்தேன். மீசைக்குப் பிரஷ்ஷைக் கொண்டுபோனதும் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அது இருக்கட்டும்."

"நர்ஸ் சொன்னாங்கண்ணா."

"அவங்களுக்கு இன்னா. என் நைனா வாசல்ல குந்திகினு கீறாரு. அவுரு உசுரோட கீறப்போ நான் மீச எடுப்பனா?"

எங்கள் ஆட்களில் யாரும் அப்படி எடுப்பதில்லை. அப்பா போன பிறகுதான் மீசையில் கத்தி படும். மீசை இல்லாமல் ஒருவன் தெருவில் வந்தால், அப்பா போய்ட்டாரா என்றுதான் கேட்பார்கள்.

"எடுக்கலன்னா சேத்துக்க மாட்டாங்கண்ணா."

"அப்ப போவல."

"இந்தப் பெட்டும் போயிடும்ணா."

"போவட்டும்."

மணிக்கட்டை அவன் விடவில்லை. இந்த வியாழக்கிழமையையும் விட்டால் இன்னொன்று கிடைப்பதற்குள் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நுரை கிண்ணத்தில் இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

நைனா எழுந்து உள்ளே வந்தார். "இன்னாடா தகராறு?"

சொன்னேன். கேட்டுக்கொண்டார். என் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கினார்.

"எனுக்கு ஒண்ணும் ஆவாது. நான் போறப்போ இன்னொரு தபா வளத்து எடுத்துக்கோ."

"வாணாம் நைனா."

"பல்லு புடுங்கறதுக்கு மீச இன்னாத்துக்கு எடுக்கணும்னு நான் கேட்டனா? கேக்கல இல்ல? நீயும் சும்மா குந்து."

அண்ணனின் கை என் மணிக்கட்டிலிருந்து நழுவியது. நைனாவின் கையை அவனால் தள்ள முடியாது. நைனா கிண்ணத்தில் பிரஷ்ஷை இரண்டு சுற்றுச் சுற்றி மீசை மேல் வைத்தார். அவசரப்படவில்லை. கருப்பு முடி ஒன்றுகூடத் தெரியாமல் வெள்ளையாகும்வரை குழைத்தார். அறை முழுக்கச் சந்தன வாசனை. "நீ எடு, எனுக்குக் கை நிக்காது," என்று என்னைப் பார்த்தார்.

இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். முடி அடர்த்தி, பிளேடை அடிக்கடி கழுவ வேண்டியிருந்தது. பாதி வந்தது. வலது பக்கம் பிளேடை இன்னும் வைக்கவில்லை. நுரை அங்கே சிவந்துகொண்டிருந்தது. நான்தான் எங்கோ வெட்டிவிட்டேன் என்று நினைத்து நுரையைத் துண்டால் ஒற்றினேன். நீண்டு தொங்கின மயிருக்கு அடியில் மேல் உதடு கட்டியாக இருந்தது. ஊதா நிறம். மூக்குக்குப் பக்கத்தில் தோல் திறந்து ஈரமாக இருந்தது. புண் உள்ளேயிருந்து வெளியே வந்து மீசைக்குள் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் புரிந்தது. கொஞ்ச நாளாக அவன் மீசையை முறுக்குவதில்லை, கத்தரிப்பதில்லை, உதட்டின் மேல் சீவி விட்டிருந்தான். உடம்பு சரியில்லாதவன், அதனால்தான் என்று விட்டிருந்தேன். நைனாவைக் காரணம் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். நான் அதை நம்பித்தான் பிரஷ்ஷோடு நின்றேன்.

அண்ணன் கண்ணை மூடியிருந்தான். "பாத்துக்கினீங்களா? போதுமா?" என்றான்.

நைனா துண்டின் முனையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அந்த இடத்தைத் துடைத்தார். மிச்சத்தை நான் எடுத்து முடித்தேன். மீசை இல்லாத அந்த முகம் எங்கள் அண்ணன் முகமாகவே இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் உறை போட்ட விரல்களால் அவன் உதட்டை அமுக்கிப் பார்த்தார். மூக்கோரம், கண்ணுக்குக் கீழே, கழுத்து என்று அமுக்கிக்கொண்டே போனார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னிடம் தமிழில், இப்போது அறுப்பதில் பலன் இல்லை, மேலே எலும்புவரை போய்விட்டது, ரேடியேஷன் கரண்ட் வைத்து வலியைக் குறைக்கப் பார்ப்போம் என்றார். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்றும் கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அவனுடைய பையை எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வருகிற ஆட்டோவில் அண்ணன் சொன்னான். "நைனாகிட்ட பெட்டு இல்லன்னு சொல்லிடு."

"எனக்குச் சொல்ல வராதுண்ணா."

"அதுவும் வராதாடா உனுக்கு? நானே சொல்லிக்கறேன்."

வீட்டு வாசலில் நைனா அதே நாற்காலியில் இருந்தார். அண்ணன் அவர் முன்னால் நின்று, "பெட்டு காலி இல்லியாம் நைனா. அப்பால கூப்புடறன்னாங்க," என்றான்.

நைனா அவன் உதட்டைப் பார்த்தார். நான் கையில் வைத்திருந்த பையைப் பார்த்தார்.

"பெட்டுதான? கெடைக்கும். அதுக்குள்ள மீச வளந்துரும்," என்றார்.

பிறகு உள்ளே வந்து என் மனைவியிடம் கஞ்சி கேட்டார். இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றினார். எங்கள் வீட்டு ஸ்பூன்களையெல்லாம் எடுத்துவரச் சொல்லி, எது அவன் வாய்க்குள் போகும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.