நான் வாசிக்காமல் விட்ட பக்கம்

“...அதெல்லாஞ் சரி, அதுல எத்தனை விரியாமப் போச்சு? மொதல்ல அதைச் சொல்லு” என்றாள் அக்கா. அவள் மடியில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி கொடுத்த சம்மதப் படிவம். கீழ் கோத்தகிரி தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைனில், நான் பிறந்த அதே வீட்டில், எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ. எனக்கு மட்டும் பூப்போட்ட கண்ணாடி டம்ளர். வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்கு இந்த டம்ளரைத் தெரிந்திருக்கும். பதினொரு வருடமாக லீவில் வரும்போதெல்லாம் அதில்தான் குடிக்கிறேன். ஒருமுறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

அயர்லாந்தில் என்ன வேலை என்று ஊரில் யாரிடமும் நேராகச் சொன்னதுமில்லை. டீ ஃபேக்டரியில் ஸ்பேனர் பிடித்துப் பிடித்தே தொழில் கற்றவன் நான். நர்ஸ் வேலை கிடைத்த மனைவியோடு அங்கே போய்ச் சேர்ந்தேன். மூளை ரத்தக்குழாயில் சிலருக்கு ஓரிடம் பலவீனப்பட்டுக் கொப்புளம்போல் வீங்கும். வெடித்தால் உயிருக்கு ஆபத்து. அந்தக் கொப்புளத்தின் வாயை மறைக்க, தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் பின்னிய சின்னக் குழல் ஒன்றைத் தொடை ரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய் உள்ளே விரிப்பார்கள். அப்படிப்பட்ட குழல்களைச் சோதிக்கும் லேபில் நான் உதவியாள். எங்கள் சோதனை சிலிக்கோன் குழாயில். யாரோ ஒருவரின் தலைக்குள் இருக்கும் ரத்தக்குழாயை அப்படியே அச்செடுத்தது. வெதுவெதுப்பான திரவம் அதில் துடித்துத் துடித்து ஓடும். கூட வேலை செய்யும் பிரெண்டன் அந்தக் குழாய்க்கு மேகி என்று பெயர் வைத்திருந்தான். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் குழல் இடம் தவறி வழுக்கியது. “மேகி போய்ச் சேர்ந்துட்டா” என்றான். எங்கள் லைனில் அப்படி ஒரு சொல் காதில் விழுந்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்போம். நானும் எழுந்து நின்று, சிலுவை போட்டுக்கொண்டு, அவர் யாருடைய அம்மா என்று கேட்டேன். லேபே சிரித்தது. அடுத்த வருடம் புதிதாக வந்த பெண்ணிடம் அதே வார்த்தையைச் சொல்லி நானும் சிரித்தேன்.

இந்த வருடம் அக்காவுக்கு விடாத தலைவலி. ஸ்கேனில் அதே வீக்கம். மண்டையைத் திறந்து வீக்கத்தின் வாயில் கிளிப் போடலாம், இல்லையென்றால் புதுக் குழல் ஒன்றை வைத்துப் பார்க்கிற ஆய்வில் சேரலாம் என்றார் டாக்டர். அக்கா எனக்குப் போன் செய்தாள். “நீ செய்யறதுதானே சாமி இது?” அது வேறு கம்பெனியின் குழல். “அதேதாங்க்கா, நல்லது, போட்டுக்க” என்றேன். படிவத்தை நான் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. என்னைக் கேட்டாளே என்ற பெருமைதான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஊருக்கு வந்தால், சர்ச்சில் என் கைகளுக்காக ஜெபம் நடந்திருக்கிறது. அடுத்த வீட்டு சரோஜாக்கா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தக் கையில செஞ்சதுதான் உங்கக்கா மேரி தலைக்குள்ள போவுதா? நகத்தயாவது வெட்டக் கூடாதா தம்பி?” எல்லாரும் சிரித்தோம். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

படிவத்தை என்னையே படித்துக் காட்டச் சொன்னாள் அக்கா. ஆறாம் பக்கத்தில், இந்தக் கருவி மனிதர்களிடம் நீண்ட காலத்தில் எப்படி இருக்கும் என்று இன்னும் முழுமையாகத் தெரியாது என்று தெளிவான தமிழில் அச்சிட்டிருந்தது. ஐந்தை வாசிக்கும்போதே அதை ஓரம் தூக்கிப் பார்த்துவிட்டு, எச்சில் தொட்டு இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன். முப்பது வருடம் கொழுந்து பறித்தவள் அவள். முற்றிய இலை ஒன்று கலந்தாலும் அவள் விரலுக்குத் தெரியும்.

“ஏண்டா, அஞ்சுக்கப்புறம் ஏழா?”

சொன்னேன். அது நான் செய்ததில்லை. நான் எதையுமே செய்கிறவனில்லை, குழாய்க்குள் விட்டுப் பார்த்து எழுதிவைக்கிறவன். எங்கள் லேபிலும் எல்லாம் ஒழுங்காக விரிவதில்லை. அப்போதுதான் எத்தனை என்று கேட்டாள்.

“எண்ணிக்கை ஞாபகமில்லக்கா. சிலது விரியாது, ஒண்ணு ரெண்டு வழுக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் டெஸ்ட்டே. தேறாததை மனுசங்ககிட்டக் கொண்டுபோக மாட்டாங்க. இது நல்லதாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

“இதைப் போன்லயே சொல்லியிருந்தா நான் பயந்தா போயிருப்பேன்? என்ற தம்பி செஞ்சதுன்னுதானே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வந்துட்டேன்.”

அவள் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“போடறதா வேண்டாமான்னு திங்கக்கெழம நானே போய்க் கேட்டுக்கறேன். நீ கூட வா. ஆனா பேசாத.”

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஆறாம் பக்கத்தை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். என் டீ ஆறி ஆடை கட்டியது. படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரையும் அந்த நீளமான அயர்லாந்து எண்ணையும் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். பேனாவைத் திறந்து, எண்ணை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்தாள். பெயரை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே எழுதினாள்: சரோஜா, அடுத்த ஊடு.