தோளில் வைக்காத துவக்கு

புஷ்பமலருக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் இளவயதிலேயே கத்தி பிடித்தவள். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, முதியோர் இல்லச் சமையலறையில் நின்று பிள்ளைகளை ஆளாக்கியவள். அவளுக்கு எதற்குப் பொறாமை? ஆனால் லீசா என்ற பெயர் காதில் விழுந்தால் போதும், அடிவயிறு பற்றி எரியும். அதற்குப் பொறாமை என்று பெயரில்லையென்றால் வேறு என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

லீசா, புஷ்பமலரின் கணவர் மகேசனோடு வேலை செய்கிறவள், ஒரு மான் வேட்டைக் குழுவின் தலைவி. குழுவில் ஓர் இடம் காலியானதும் மகேசனைக் கூப்பிட்டுவிட்டாள். அன்றிலிருந்து மனுசனுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. வேட்டைப் பரீட்சை எழுதித் தேறினார். மீசைக்கு மை பூசினார். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தால் லீசா புராணம்தான். வேலை முடிந்து வந்த பிறகும் தொலைபேசியில் அவளோடு சிரிப்பு. என்ன கதை என்று கேட்டால், "சும்மா, வேலைக் கதை" என்பார். வேட்டைக்குப் போனால் காட்டுக் குடிலில் ஒரு கிழமை தங்க வேண்டுமாம். குடிலில் எத்தனை அறை என்று புஷ்பமலர் கேட்டாள். அது மட்டும் அவருக்குத் தெரியவில்லையாம்.

துவக்கு பார்க்கப் போகும் நாளில் அவளும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள்.

கடையில் லீசா காத்திருந்தாள். ஐம்பது வயதுக்கு என்ன நிமிர்வு! நீளத் துவக்கு ஒன்றை எடுத்து மகேசனின் தோளில் பொருத்தினாள். தோளை அழுத்தினாள், நாடியை விரலால் நிமிர்த்தினாள். அளவு சரியில்லையாம். அடுத்த துவக்கு, அதே தோள். அதுவும் சரியில்லையாம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து தான் எண்ணெய் தேய்த்த தோள் அது என்று புஷ்பமலருக்கு நெஞ்சு புகைந்தது.

கண்ணாடி அலுமாரிக்குள் ரிவோல்வர் ஒன்று கிடந்தது. அவள் நேரே போய் அதைக் காட்டினாள்.

"இஞ்சாருங்கோ, இதை வாங்குங்கோ. கையிலை பிடிச்சாக் காணும். தோளிலை வைக்கத் தேவையில்லை."

மகேசனுக்கு மானம் போயிற்று. கடைக்காரன் மரியாதையாக விளக்கினான்: ரிவோல்வர் சுடும் கழகக்காரருக்கு, குறிபார்த்துப் பழக. அதைக் கொண்டு இந்த நாட்டில் மான் வேட்டைக்குப் போகச் சட்டம் விடாது.

மனுசி என்ன சொன்னா என்று லீசா கேட்டாள். மகேசன் எதையோ சொல்லி மழுப்பப் பார்த்தார். புஷ்பமலர் விடவில்லை. நீ என்ரை மனுசனின் தோளைத் தொடுவது எனக்குப் பிடிக்கவில்லை என்று மீன் தொழிற்சாலையில் பழகிய வடக்கத்தி நோர்வேஜிய மொழியில் முகத்துக்கு நேரே சொன்னாள்.

லீசாவின் முகம் சிவந்தது. பிறகு மலர்ந்தது. அவளும் வடக்குத்தான், ஹம்மர்பெஸ்ட்காரி. ஒஸ்லோக் கடையில் தன் ஊர்ப் பேச்சு, அதுவும் இந்த வாயிலிருந்து! மன்னிப்புக் கேட்டாள். துவக்கு பிடிக்க முதலில் நீங்கள் பழகுங்கள், பிறகு அவருடைய தோளை நீங்களே பாருங்கள் என்று துவக்கை அவள் கையில் கொடுத்தாள். புஷ்பமலர் அதை ஏந்தினாள். குழல் துளியும் ஆடவில்லை. மகேசன் பிடித்தபோது அது சன்னதம் வந்ததுபோல் ஆடியிருந்தது.

பிறகு மகேசனை யார் கவனித்தார்கள்? இரண்டு பெண்களும் ஒரு மூலையில் நின்று மீன், பனி, வடக்கு என்று கதைத்தார்கள். காட்டுக் குடிலில் ஆண்கள் பரணில் படுக்க, கீழறையில் தான் மட்டும் தனியாகக் கிடப்பதாகவும், அங்கே இன்னொரு கட்டில் சும்மா இருப்பதாகவும் லீசா சொன்னாள். மாரியில் பரீட்சை எழுது, அடுத்த வருடம் வா என்றாள். கடைசியில் மகேசனுக்கான துவக்கை அவர் தோளில் அழுத்திப் பொருத்திப் பார்த்தது புஷ்பமலர்தான்.

திரும்பும் ரயிலில் மகேசன் முகத்தில் ஈயாடவில்லை.

"லீசா உம்மோடை என்ன அவ்வளவு நேரம் கதைச்சவ?"

புஷ்பமலர் யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"சும்மா," என்றாள். "வேலைக் கதை."

இறங்கும்வரை அவர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தார்.